லேனியர் ஏரிப் பேய்க்கதையும் ஃபோர்சைத் கவுன்ட்டியில் 1912-இல் நடந்ததும்

எக்ஸிட்13 எழுதியது:

கோடை வந்துவிட்டால் நம் அட்லாண்டா வாட்ஸப் குழுக்களில் அந்த வீடியோ சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. லேனியர் ஏரிக்கு அடியில் ஆஸ்கர்வில் என்ற கறுப்பின ஊர் கிடக்கிறதாம். அணை கட்டும்போது ஜனங்களோடு சேர்த்து மூழ்கடித்துவிட்டார்களாம். அந்த ஆவிகள்தான் நீந்துகிறவர்களின் காலைப் பிடித்து இழுக்கின்றனவாம். எங்கள் சப்டிவிஷன் குழுவிலும் வந்தது. கீழே வரிசையாகப் பயந்த முகங்கள். அந்த மக்களுக்கு என்னதான் ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இந்த ஏரியை உண்டாக்கிய பஃபோர்டு அணையின் மதகுகளை மூடித் தண்ணீரைத் தேக்க ஆரம்பித்தது 1956-இல். ஆஸ்கர்வில் பகுதியிலிருந்து கறுப்பின மக்கள் போனது 1912-இல். நடுவே நாற்பத்து நான்கு வருடம் இருக்கிறது. தண்ணீர் வந்தபோது மூழ்கடிக்க அங்கே அவர்கள் யாரும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஆஸ்கர்வில் இருந்தது அட்லாண்டாவுக்கு வடக்கே, நம் ஃபோர்சைத் கவுன்ட்டியில். 1910 சென்சஸ்படி இந்தக் கவுன்ட்டியில் சுமார் 12,000 பேர். அதில் கறுப்பினத்தவர் 1,100 பேர் வாக்கில். பலர் குத்தகை விவசாயிகள், சிலருக்குச் சொந்த நிலம், சொந்தச் சர்ச், பள்ளிக்கூடம். 1912 செப்டம்பர் 5 இரவு ஒரு வெள்ளைக்காரப் பெண், தன் படுக்கையறையில் ஒரு கறுப்பு ஆண் புகுந்துவிட்டதாகச் சொன்னார். அந்தப் பெண்ணைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார் என்று கிராண்ட் ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரைக் கவுன்ட்டியின் தலைநகரான கம்மிங்கில் நீதிமன்றத்தின் முன்னாலேயே அடித்துத் துவைத்தார்கள். அவர் உயிரைக் காப்பாற்ற நீதிமன்றக் கட்டடத்துக்குள் வைத்துப் பூட்ட வேண்டியிருந்தது.

அந்தக் கொதிப்பு அடங்குவதற்குள் செப்டம்பர் 9 காலையில் ஆஸ்கர்வில் அருகே காட்டில் மே குரோ என்ற 18 வயது வெள்ளைக்காரப் பெண் மண்டை உடைந்து குற்றுயிராகக் கிடந்தாள். பக்கத்தில் ஒரு சின்னக் கைக்கண்ணாடி. அது எர்னெஸ்ட் நாக்ஸ் என்ற 16 வயதுக் கறுப்பினப் பையனுடையது என்று பிடித்தார்கள். கழுத்தில் கயிற்றைப் போட்டு, தொங்கவிடுவதாக மிரட்டி வாங்கிய வாக்குமூலம்தான் வழக்கின் அடிப்படை. அவனை வெளியூர்ச் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். மறுநாள் அதே வழக்கில் ராப் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பின இளைஞரைக் கம்மிங் சிறையில் அடைத்தார்கள். கூட்டம் சிறையை உடைத்து அவரைக் கொன்று, உடலை இழுத்துப் போய்ச் சதுக்கத்து முனையில் டெலிபோன் கம்பத்தில் தொங்கவிட்டது. பட்டப்பகலில், ஊரே பார்க்க. அதற்காக யாரும் தண்டனை அனுபவிக்கவில்லை.

எர்னெஸ்ட் நாக்ஸும் அதே வழக்கில் பிடிபட்ட, அவனைவிடக் கொஞ்சம் பெரியவனான ஆஸ்கர் டேனியலும் அக்டோபர் 3-ஆம் தேதி முழு வெள்ளை ஜூரியின் முன் நிறுத்தப்பட்டார்கள். இரண்டு பேரின் வழக்கும் சேர்ந்தே இரண்டு நாளைத் தாண்டவில்லை. அக்டோபர் 25-இல் தூக்கு. கூட்டம் பார்க்கக் கூடாது என்று நீதிபதி தூக்குமேடையைச் சுற்றி வேலி போடச் சொன்னார். வேலியை முதல் நாள் இரவே கொளுத்திவிட்டார்கள். சுற்றியிருந்த சரிவுகளில் 5,000 பேர் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. மொத்த மக்கள்தொகையே 12,000 என்பதை நினைத்துப் பாருங்கள்.

மே குரோ செப்டம்பர் 23-இல் இறந்ததுமே, ராத்திரியில் குதிரையில் வந்து மிரட்டும் வெள்ளைக் கும்பல்கள் கிளம்பிவிட்டன. வீட்டுக்குள் துப்பாக்கியால் சுடுவது, சர்ச்சுகளைக் கொளுத்துவது, இத்தனை மணி நேரத்துக்குள் போய்விடு என்று எச்சரிப்பது. கறுப்பினக் கூலியாட்களை வைத்துக்கொண்டிருந்த வெள்ளை விவசாயிகளுக்கும் மிரட்டல் போனது. சில வாரங்களில் கவுன்ட்டியே காலி. 1920 சென்சஸில் மிஞ்சியவர்கள் 30 பேர்.

இதில் ஆவி எங்கே வருகிறது? வாசலில் வந்து நின்றவர்கள் அக்கம்பக்கத்து ஆட்கள். பேய்க்கதையில் செய்தவர்கள் கிடையாது, செத்தவர்களுக்கும் பெயர் கிடையாது. நாம் பிள்ளைகளை வளர்க்கிற மண் இது. கதையாவது சரியாகத் தெரிய வேண்டாமா? தெரிந்தவர்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

தாமரைக்குளம் எழுதியது:

நல்ல பதிவு அண்ணா, நிறைய விஷயம் எனக்குப் புதிது. ஆனால் மனதில் பட்டதைக் கேட்கிறேன். நூறு வருடத்துக்கு முன்னால் நடந்ததற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நாங்கள் இங்கே வந்தது பள்ளிக்கூடத்துக்காக. எங்கள் தெருவில் இருக்கும் வெள்ளைக்காரப் பெரியவர்கள் தங்கமானவர்கள். ஐஸ் மழையில் கரண்டு போனபோது எங்களைத் தங்கள் வீட்டுக்கு அழைத்து வைத்துக்கொண்டார்கள். அவர்கள் தாத்தா என்ன செய்தார் என்று நான் தோண்டிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? சின்னப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பயமுறுத்தவும் எனக்கு விருப்பமில்லை.

---

பழைய ஜார்ஜியன் எழுதியது:

தாமரைக்குளம், உங்கள் அண்டை வீட்டாரைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுசாக நம்புகிறேன். எனக்கும் அப்படிப்பட்ட அயலார் உண்டு. ஆனால் நூறு வருடம் என்கிற கணக்குதான் இடிக்கிறது. இது 1912-இல் முடியவில்லை.

1915-இல் அட்லாண்டாப் பணக்காரர்கள் கார்களில் ஊர் சுற்றிப் பார்க்க கம்மிங் வழியாகப் போனார்கள். சில கார்களை ஓட்டியவர்கள் கறுப்பின டிரைவர்கள். அவர்கள் மேல் கல் பறந்தது. 1968-இல் ஏரிக்கரையில் முகாம் போட வந்த கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு கூட்டம் மிரட்டித் துரத்தியது. 1980-இல் அட்லாண்டாவின் கறுப்பினத் தீயணைப்பு வீரர் ஒருவர் ஏரிக்கரைக்கு பிக்னிக் வந்துவிட்டுத் திரும்பும்போது சுடப்பட்டார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

நான் படிக்க வந்தது எண்பதுகளின் நடுவில். அட்லாண்டாவில் சீனியர் மாணவர்கள் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம்: 400 நெடுஞ்சாலையில் வடக்கே போனால் பெட்ரோலை முன்கூட்டியே நிரப்பிக்கொள், இருட்டிய பிறகு ஃபோர்சைத்தில் நிற்காதே. எங்கள் நிறத்துக்கும் அது பொருந்தும் என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

1987 ஜனவரி 17. மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை ஒட்டி உள்ளூர் வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு சகோதரத்துவ நடையை அறிவித்தார். கொலை மிரட்டல் வந்ததும் பின்வாங்கிவிட்டார். வேறு சிலர் அதைக் கையில் எடுத்தார்கள். தலைமை தாங்க வந்தவர் ஹோசியா வில்லியம்ஸ். 1965-இல் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக அலபாமாவின் செல்மா பாலத்தில் ஜான் லூயிஸோடு முன்வரிசையில் நடந்து அடிவாங்கிய அதே மனிதர். நூறு பேர்கூட இல்லை அந்த நடையில். எதிரே நானூறு பேர் கல்லும் பாட்டிலும் மண்ணாங்கட்டியுமாக நின்றார்கள். ஹோசியாவுக்கும் அடி. நடை பாதியில் நின்றது.

மறு சனிக்கிழமை, ஜனவரி 24, 20,000 பேருக்கு மேல் வந்தார்கள். கொரெட்டா ஸ்காட் கிங், ஜெஸ்ஸி ஜாக்சன், ஜான் லூயிஸ், ஆண்ட்ரூ யங், ஜோசஃப் லோவரி எல்லாரும் வந்தார்கள். அட்லாண்டாவிலிருந்து பஸ் பஸ்ஸாக. நானும் என் அறைத்தோழரும் ஒரு பஸ்ஸில் தொற்றிக்கொண்டோம். நல்ல குளிர். சாலையின் இரண்டு பக்கமும் நேஷனல் கார்டு வீரர்கள் கையில் தடியோடு தோளோடு தோள் நிற்க, அவர்களுக்குப் பின்னால் எதிர்க்கூட்டம். கான்ஃபெடரேட் கொடிகள். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பிள்ளை, நாலு ஐந்து வயது இருக்கும், கறுப்பினத்தவரை இழிவுபடுத்திப் பெரியவர்கள் கத்திய அந்த வார்த்தையை அதே ராகத்தில் கத்தியது. எனக்கு முன்னால் நடந்த வயதான கறுப்பின அம்மா அந்தப் பிள்ளையைப் பார்த்துக் கையசைத்தார். அது கத்துவதை நிறுத்திவிட்டுத் தானும் கையை ஆட்டியது. உடனே அதன் அப்பா அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். ஆகவே இது தாத்தா காலத்துச் சமாச்சாரம் மட்டும் இல்லை தங்கச்சி.

---

தாமரைக்குளம் எழுதியது:

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் அண்ணா. இன்னொரு சந்தேகம். பக்கத்துக் கவுன்ட்டிகளிலும் இனவெறி இருந்திருக்கும்தானே? ஏன் ஃபோர்சைத்தில் மட்டும் மொத்தமாக விரட்டினார்கள்?

---

பழைய ஜார்ஜியன் எழுதியது:

ஃபோர்சைத்தில் மட்டும் இல்லை. வடக்கே டாசன் கவுன்ட்டியும் அதே காலத்தில் காலியானது. நான் படித்துப் புரிந்துகொண்டவரை மூன்று நான்கு காரணம் ஒன்றுசேர்ந்தது. மலையடிவாரப் பூமி என்பதால் தெற்கு ஜார்ஜியா மாதிரி பெரிய பருத்திப் பண்ணைகள் குறைவு. கறுப்பின உழைப்பு இல்லாவிட்டால் தொழிலே படுத்துவிடும் என்று பயப்படக்கூடிய பெரிய முதலாளிகளும் குறைவு. மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால் எதிர்த்து நிற்க ஆள்பலம் இல்லை. சொந்த நிலமில்லாத வெள்ளைக் குத்தகைக்காரர்களுக்கு, நிலம் வைத்திருந்த கறுப்பினக் குடும்பத்தைப் பார்த்தால் வயிற்றெரிச்சல். அதற்கு ஆறு வருடம் முன்புதான், 1906 செப்டம்பரில், பத்திரிகைகள் கிளப்பிவிட்ட வதந்தியை வைத்து அட்லாண்டாவிலேயே கறுப்பினத்தவரைத் தெருத்தெருவாக அடித்துக் கொன்றார்கள். அந்தச் சூடு ஆறவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. விசாரணைக்கும் தூக்குக்கும் கவர்னர் படையை அனுப்பினார். கைதிகள் தூக்குமேடைவரை பத்திரமாகப் போய்ச் சேரவேண்டும் என்பதற்கு அரசாங்கத்துக்கு ஆள் இருந்தது. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஆயிரம் பேரைக் காக்க ஒரு சிப்பாய்கூட நிறுத்தப்படவில்லை. கொளுத்தினால் பிடிப்பார்கள் என்ற பயம் இருந்திருந்தால் இத்தனை தூரம் போயிருக்காது.

---

மலைக்கோட்டை எழுதியது:

நூறு வருடப் பழங்கதை என்று யாராவது சொன்னால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டுங்கள். 1992, ஃபோர்சைத் கவுன்ட்டிக்கும் நேஷனலிஸ்ட் மூவ்மென்ட் என்ற வெள்ளை இனவாத அமைப்புக்கும் நடந்த வழக்கு. 1912-இல் ஒரே மாதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினக் குடிமக்கள் திட்டமிட்டு விரட்டப்பட்டதையும், 75 வருடம் கழித்தும் கவுன்ட்டி 99 சதவீதம் வெள்ளையாக இருந்ததையும் அந்தத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது.

வழக்கு என்னவென்றால், 1987 பெரிய ஊர்வலத்துக்குப் பாதுகாப்புச் செலவு 6,70,000 டாலரைத் தாண்டியது. பெரும்பகுதியை மாநில அரசு கட்டியது. அப்புறம் கவுன்ட்டி ஒரு விதி போட்டது: ஊர்வலத்துக்கு ஒரு நாளைக்கு 1,000 டாலர்வரை கட்டணம், எவ்வளவு என்பதை அதிகாரி முடிவு செய்வார். கிங் விடுமுறையை எதிர்த்துக் கூட்டம் போட வந்த இனவாத அமைப்பிடம் 100 டாலர் கேட்டார்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போய் 5-4 கணக்கில் ஜெயித்தார்கள். ஜெயித்தவர்களை எனக்குத் துளியும் பிடிக்காது. ஆனால் தீர்ப்பு சரி என்பதே என் கட்சி. எதிர்ப்பு பலமாக இருக்கும் பேச்சுக்கு அதிகக் கட்டணம் என்றால் 1987-இல் ஹோசியா வில்லியம்ஸ்தானே ஆக அதிகம் கட்டியிருக்க வேண்டும்?

இன்னொரு வழக்கு இதைவிட இனிப்பு. ஜனவரி 17 அன்று கல்லடிபட்டவர்கள் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்புகள் மேல் போட்ட சிவில் வழக்கில் 1988-இல் ஏறக்குறைய 10 லட்சம் டாலர் இழப்பீடு என்று ஜூரி தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக ஒரு பெரிய கிளான் அமைப்பு 1993-இல் கடையைக் கட்ட வேண்டியதாயிற்று.

---

தாமரைக்குளம் எழுதியது:

அவர்கள் போகும்போது நிலத்தை விற்றுவிட்டுத்தானே போயிருப்பார்கள்? குடும்பக் கதைகளில் அபகரிப்பு என்று வருகிறது. பத்திரம் இல்லாமல் எப்படி?

---

பத்திர எழுத்தர் எழுதியது:

நான் வேலை பார்ப்பது டைட்டில், அதாவது நில உரிமைப் பத்திரங்களைச் சரிபார்க்கும் துறையில், இங்கே ஜார்ஜியாவில்தான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விற்றவர்கள் இருக்கிறார்கள். சானி மலைப் பக்கம் ஜோசஃப் கெல்லாக் என்று ஒருவர். அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்து 200 ஏக்கர் வைத்திருந்தார். கவுன்ட்டியின் மிகப் பெரிய கறுப்பின நில உடைமையாளர். அவரும் விற்றுவிட்டுப் போனார். ஆனால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் விற்கக் கிளம்பி, வாங்குபவனுக்கு அவசரம் இல்லை என்றால் என்ன விலை கிடைக்கும்? மாட்டையும் அறுவடையாகாத பயிரையும் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வண்டி கட்டியவர்கள் உண்டு. அதை விற்பனை என்று பத்திரப் புத்தகம் சொல்லும். புத்தகத்துக்கு மிரட்டல் தெரியாது.

இன்னொரு வகை, விற்ற பதிவே இல்லாத நிலங்கள். கறுப்பின உடைமையாளர் பெயரில் வரி கட்டிய கணக்கு 1912-இல் நிற்கும். கொஞ்ச வருடம் கழித்து அதே நிலத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் வரி கட்ட ஆரம்பிப்பார். நடுவில் எந்தப் பத்திரமும் இருக்காது. ஜார்ஜியா சட்டப்படி ஒரு நிலத்தை வெளிப்படையாகவும் இடையறாமலும் 20 வருடம் அனுபவித்தால் உரிமை கோரலாம். ஏதாவது ஒரு எழுத்து ஆவணம் கையில் இருந்தால் 7 வருடம் போதும். எதிர்த்து வழக்குப் போட வேண்டியவர் கவுன்ட்டிக்குள் காலை வைத்தால் உயிர் போகும் என்ற நிலையில் அந்த வருடங்கள் தானாக ஓடிவிடும். இதைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. எனக்கு இந்தத் தொழிலில் ஆறாத ஆதங்கம் இதுதான்.

1987 ஊர்வலங்களுக்குப் பிறகு கவர்னர் ஜோ ஃபிராங்க் ஹாரிஸ் இரு இனத்தவரும் சேர்ந்த ஒரு குழுவை அமைத்தார். நிலத்துக்கு இழப்பீடு என்ற இடத்தில் வந்ததும் குழு இரண்டாக உடைந்தது. கறுப்பின உறுப்பினர்கள் ஒரு பக்கம், வெள்ளை உறுப்பினர்கள் ஒரு பக்கம். வருட இறுதியில் அறிக்கையும் அப்படியே இரண்டாக வந்தது. இழப்பீடு யாருக்கும் கிடைக்கவில்லை. ஏரிக்கரை நிலம் இன்று என்ன விலை போகிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை. இங்கே எழுதுகிற நம் ஆட்களில் பாதிப் பேர் வீடு தேடிக் களைத்தவர்கள்தான்.

---

காவிரிக்கரை எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயம். நாமும்தான் பாகுபாட்டுக்கு ஆளாகிறோம். சமூக வலைத்தளங்களில் இங்குள்ள இந்தியர்களைப் பற்றி என்னென்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். நமக்காக யார் ஊர்வலம் போனார்கள்? கறுப்பினத்தவர் வரலாற்றை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

---

எக்ஸிட்13 எழுதியது:

நமக்காகவும் போனார்கள் நண்பரே. 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத்சிங் திண்ட் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. கொடுத்த குடியுரிமையைக்கூடத் திரும்பப் பிடுங்கினார்கள். 1946-இல் சட்டம் மாறியபோதும் இந்தியாவுக்கு வருடத்துக்கு 100 பேர் என்றுதான் ஒதுக்கீடு. வாசல் நிஜமாகத் திறந்தது 1965 அக்டோபர் குடியேற்றச் சட்டத்தில். எந்த வருடம் பாருங்கள். மார்ச்சில் செல்மா பாலம், ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம், அக்டோபரில் இது. பிறந்த நாட்டை வைத்து ஆளைத் தரம்பிரிப்பது வெட்கக்கேடு என்று நாடாளுமன்றம் ஒத்துக்கொள்ளும் நிலைமையை உண்டாக்கியவர்கள் அந்தப் பாலத்தில் மண்டை உடைபட்டவர்கள். 1968 வீட்டுவசதிச் சட்டம் இல்லாவிட்டால் நிறத்தைப் பார்த்து வீடு தரமாட்டேன் என்று நம்மிடம் வெளிப்படையாகவே சொல்லியிருப்பார்கள்.

ஹோசியா வில்லியம்ஸ் செல்மாவிலும் நடந்தார், கம்மிங்கிலும் நடந்தார். அந்த இரண்டும் இல்லாமல் நீங்களும் நானும் இங்கே 400 நெடுஞ்சாலையின் எக்ஸிட் 13 பக்கம் வீடு வாங்கியிருக்க முடியாது. என் மனதில் இது கடனாகவே இருக்கிறது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

---

ஆல்ஃபரெட்டா அப்பா எழுதியது:

நம் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். வீடு தேடுகிற புதியவர்களுக்கு நம் ஆட்கள் கொடுக்கிற ஆலோசனையைக் கவனித்திருக்கிறீர்களா? "அந்தப் பக்கம் வேண்டாம் தம்பி, கூட்டம் சரியில்லை." "ஃபோர்சைத் நல்ல ஏரியா, க்ளீன் ஏரியா." எந்தக் கூட்டம் என்று யாரும் விளக்குவதில்லை. கேட்பவருக்கும் புரிந்துவிடுகிறது. கறுப்பினத்தவர் அதிகம் வாழும் டிகால்ப், கிளேட்டன் கவுன்ட்டிகளின் பெயரைச் சொன்னாலே முகம் மாறுகிறது.

1990 சென்சஸில் இந்தக் கவுன்ட்டியில் 44,000 பேர். கறுப்பினத்தவர் 14 பேர். சதவீதம் இல்லை, மொத்தமே பதினான்கு. அதற்குப் பிறகு 400 நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு அட்லாண்டா வடக்கே வளர்ந்தது. 2000-இல் 98,000, 2020-இல் 2,51,000. இப்போது ஆசியர்கள் 18 சதவீதம் அளவில் இருக்கிறோம். அதில் பெரும்பாலோர் நம் நாட்டுக்காரர்கள். கறுப்பினத்தவர் நான்கு சதவீதத்தை ஒட்டித்தான். பக்கத்து ஃபுல்டன் கவுன்ட்டியில் அவர்கள் நாற்பது சதவீதத்துக்கு மேல். எல்லைக்கோட்டைத் தாண்டினால் எப்படி இப்படிச் சரிகிறது? விலைவாசி மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. ஃபுல்டனிலும் விலை உயர்ந்த பகுதிகளில் வசதியான கறுப்பினக் குடும்பங்கள் இருக்கிறார்கள். என்னோடு வேலை பார்க்கும் கறுப்பின நண்பர் ஒருவர் இங்கே வீடு பார்க்க வரச்சொன்னபோது சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். "என் அம்மா என்னைப் பார்க்க அங்கே வரமாட்டார்" என்றார். அவருடைய அம்மா 1987-இல் அட்லாண்டாவில் இருந்தவர்.

ஆகவே நாம் க்ளீன் ஏரியா என்று சொல்லும்போது யார் எப்படி அதை க்ளீன் செய்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம், தெரியாமலேயே. இந்தச் சொல்லை விட்டுவிடுங்கள் என்று குழுவில் எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்.

---

காவிரிக்கரை எழுதியது:

1965 சங்கதியை இப்படி யாரும் எனக்குக் கோத்துச் சொன்னதில்லை. யோசிக்கிறேன். ஆனால் ஏரியா விஷயத்தில் ஆல்ஃபரெட்டா அப்பா சொல்வதை முழுசாக ஏற்க முடியவில்லை. பள்ளி ரேட்டிங்கைப் பார்த்துத்தான் எல்லாரும் வருகிறோம். அதில் நிறம் இல்லை.

---

வெண்ணிலா எழுதியது:

காவிரிக்கரை அண்ணா, பள்ளி ரேட்டிங்கில் பெரும்பங்கு தேர்வு மதிப்பெண். மதிப்பெண்ணில் பெரும்பங்கு பெற்றோரின் படிப்பும் வருமானமும். நூறு வருடத்துக்கு முன் நிலத்தை விட்டு ஓடியவரின் பேரப்பிள்ளைக்கு அந்த வருமானம் எங்கிருந்து வரும்? நேரடியாக நிறம் இல்லைதான். ஆனால் வேர் அங்கேதான் போகிறது.

பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம் என்று தாமரைக்குளம் அக்கா சொன்னதற்கும் பதில் சொல்ல நினைத்தேன். என் மகள் இங்கே ஹைஸ்கூல் படிக்கிறாள். 2021-இல் இருந்து பள்ளி வாரியக் கூட்டங்கள் எப்படி நடந்தன என்று போனவர்களுக்குத் தெரியும். இனம் பற்றிப் பாடம் நடத்துவதே பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு தரப்பு மைக்கைப் பிடித்துக் கத்தியது. நூலகத்திலிருந்து சில புத்தகங்களை எடுத்தார்கள். கறுப்பின எழுத்தாளர்கள், ஓரினச் சேர்க்கையாளர்கள் எழுதியவற்றைக் குறிவைக்கிறார்கள் என்ற எண்ணம் மாணவர்களிடம் பரவியது. மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமைப் பிரிவு விசாரித்து, இந்த நடவடிக்கை மாணவர்களுக்கு விரோதமான சூழலை உண்டாக்கியிருக்கலாம் என்று சொல்லி, 2023 மே மாதம் பள்ளி மாவட்டத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அந்தக் கூட்டங்களில் எழுந்து பேசிய மாணவர்களில் நம் பிள்ளைகள் இருந்தார்கள். நம் பெற்றோர்கள் பெரும்பாலும் இல்லை. நமக்கெதற்கு வம்பு என்று வீட்டில் இருந்துவிட்டோம்.

பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும் அக்கா. போனில் படித்துவிடுகிறார்கள், பேய்க்கதையோடு சேர்த்து. என் மகளை நான் கூட்டிக்கொண்டு போய்க் கம்மிங்கில் ராப் எட்வர்ட்ஸ் நினைவாக 2021 ஜனவரியில் வைத்த பலகையைக் காட்டினேன். உள்ளூர் ஆட்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, மாண்ட்கமரியில் இருக்கும் ஈக்குவல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் அமைப்போடு வைத்தது. அந்தக் குழுவில் பல வருடமாக இங்கே வாழும் வெள்ளைக்காரர்களும் உண்டு. மகள் பயப்படவில்லை. "இந்தப் பையனுக்கு என் வயதுதானா?" என்று எர்னெஸ்ட் நாக்ஸைப் பற்றிக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

---

பழைய ஜார்ஜியன் எழுதியது:

வெண்ணிலா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1912-இல் விரட்டப்பட்டவர்களின் வம்சாவளிப் பிள்ளைகளுக்காக இங்குள்ள சர்ச்சுகள் சில சேர்ந்து ஒரு கல்லூரி உதவித்தொகை ஆரம்பித்திருக்கிறார்கள். நிலத்துக்கு ஈடாகாது, அவர்களும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. இருந்தாலும் தாத்தாமார் செய்ததைப் பேசினாலே அயலார் கோபித்துக்கொள்வார்கள் என்று தாமரைக்குளம் பயப்பட்டார் அல்லவா? இதைத் தொடங்கியவர்களும் அதே அயலார்தான்.

நம் தமிழ் அமைப்புகள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நிதி திரட்டுகிறோம், ஊரில் வெள்ளம் என்றால் அனுப்புகிறோம். இந்த உதவித்தொகைக்கும் வருடா வருடம் ஒரு பங்கு போகவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அடுத்த பொதுக்குழுவில் நானே எழுந்து கேட்கப்போகிறேன். ஆதரவாக இரண்டு கை தூக்கினால் போதும்.

---

காவிரிக்கரை எழுதியது:

பொதுக்குழுவுக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் உடன்பாடு இல்லை, அதை அங்கேயும் சொல்வேன். உதவித்தொகைக்குக் கை தூக்குகிறேன்.

---

தாமரைக்குளம் எழுதியது:

பத்திர எழுத்தர் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. எங்கள் வீடு ஏரிப் பக்கம், ஆஸ்கர்வில்லுக்குக் கிட்டத்தில். 2014-இல் பில்டர் கட்டிய சப்டிவிஷன். அதற்கு முன் பண்ணை நிலம் என்றார்கள். 1912-இல் அது யாருடையது என்று பார்க்க முடியுமா?

---

பத்திர எழுத்தர் எழுதியது:

முடியும். ஆன்லைனில் கிளார்க்குகளின் மாநிலத் தளத்தில் 1999-க்குப் பிந்தைய பத்திர அட்டவணை இருக்கும். அதில் உங்கள் பில்டர் யாரிடம் வாங்கினார் என்று முதலில் பிடியுங்கள். அதற்கு முந்தியதற்குக் கம்மிங்கில் சுப்பீரியர் கோர்ட் கிளார்க் அலுவலகத்தில் பழைய பத்திரப் புத்தகங்களைப் பார்க்க வேண்டும். யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. வாங்கியவர் பெயரில் ஒரு அட்டவணை, விற்றவர் பெயரில் ஒரு அட்டவணை. ஒவ்வொரு பெயராகப் பின்னோக்கிப் போகவேண்டும். லேண்ட் லாட் எண்ணை, அதாவது நில மனை எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், உங்கள் பத்திரத்திலேயே இருக்கும். அந்த எண் 1830-களில் நில அளவை செய்தபோது கொடுத்தது, இன்றுவரை மாறவில்லை. அந்த நிலமே அந்தக் காலத்தில் செரோக்கி பழங்குடி மக்களிடமிருந்து பிடுங்கி, லாட்டரி போட்டு வெள்ளையருக்குக் கொடுத்தது. அது இன்னொரு இழைக்கான விஷயம்.

எங்காவது பெயர்களுக்கு நடுவில் பத்திரம் இல்லாமல் இடைவெளி வந்தால், அந்தக் காலத்து வரிப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். கறுப்பினத்தவர் கணக்கைத் தனியாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். வியாழக்கிழமை எனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கிறது. லாட் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், சேர்ந்தே போய்ப் பார்க்கலாம்.